போறேன் பட்டன்

தமிழ்மதிக்கு வாய் என்று ஒன்று இருப்பதே பிளஸ் ஒன் வகுப்பில் பல பேருக்குத் தெரியாது. வருகைப் பதிவுக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், போன் ஆப் செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் அக்மலோடு ஒரே குழுவில் போட்டார் கம்ப்யூட்டர் டீச்சர் சூர்யகலா. அக்மல் மூச்சு விடுவதற்கு மட்டுமே பேச்சை நிறுத்துகிறவன்.

"ஆப் செய்றது ஒரு சாக்குதான்" என்பார் டீச்சர். "அத வச்சு நாலு பேர்கிட்டப் பேசணும், அவங்க சொல்றதக் கேக்கணும், தப்புன்னா ஒத்துக்கணும். எல்லாத்துக்கும் மார்க் உண்டு."

நிரல் எழுதுவதில் தமிழ்மதிக்குப் பத்துக்குப் பத்து. பேச்சு என்ற கட்டத்தில் டீச்சர் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தார். பூஜ்யம் போட மனசு வரவில்லை.

தமிழ்மதிக்கு அந்த வகுப்பு உயிர். கம்ப்யூட்டர் அவள் சொன்னதையெல்லாம் கேட்டது. ஆனால் ஒரு நாளும் "சத்தமாச் சொல்லு" என்று அதட்டியதில்லை.

வில்லங்கம் பஸ்ஸில் இருந்தது. பள்ளிக்கூடம் அடிவாரத்தில், வீடு சிறுமலை மேலே. ஆப் வகுப்போ மணி அடித்த பிறகு நடப்பது. திண்டுக்கல்லிலிருந்து மலையேறும் சாயங்கால பஸ்ஸை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை. அது நாலரைக்கும் வரும், ஐந்துக்கும் வரும்; சில நாள் வந்த சுவடே தெரியாமல் போய்விடும். அப்படி ஒரு நாள் விட்டுவிட்டாள். அப்பா கண்ணுசாமி வாழைத்தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு, மொபெட்டில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து கூட்டிப் போனார். ஏறும்போது வளைவுக்கு ஒரு வசவு.

ஆகவே பஸ்ஸுக்கே ஓர் ஆப் செய்துவிட்டார்கள். டிரைவர் பொன்னுத்துரையின் போனில் இரண்டு பெரிய பட்டன். பச்சையில் 'வாரேன்', சிவப்பில் 'போறேன்'. ஸ்டாப்புக்கு முந்தைய பாலம் தாண்டியதும் பச்சையை அமுக்கினால் பிள்ளைகள் பையைத் தூக்குவார்கள். ஸ்டாப்பை விட்டுக் கிளம்பியதும் சிவப்பை அமுக்கினால் யாரும் வீணாக ஓட மாட்டார்கள். பட்டனே வேண்டாம், பஸ் எங்கே நிற்கிறது என்று போனே காட்டிவிடும் என்றான் அக்மல். பொன்னுத்துரை கையெடுத்துக் கும்பிட்டார்.

"டீக்கடையில செத்த நேரம் நின்னா அதையும் காட்டிருமே. பட்டனே போதும் அப்பு."

அக்மல் அவருக்கு அரைமணி நேரம் விளக்கினான். பொன்னுத்துரை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

திங்கட்கிழமை வெள்ளோட்டம். நாலே முக்காலுக்குத் தமிழ்மதியின் போன் மணியடித்தது: 'வாரேன்'. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸின் பின்பக்கம்தான் கண்ணில் பட்டது, அதுவும் தூசிக்குள். போனைப் பார்த்தாள், 'வாரேன்' என்றது. இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தாள். அப்போதும் 'வாரேன்'.

"வருதுன்னுதான சொல்லுது, நில்லு" என்றான் அக்மல்.

பஸ் வரவில்லை. கண்ணுசாமிதான் வந்தார்.

"ஆப்புங்கிறது மரம் பொளக்க அடிக்கிற சாமான். அத நீ எனக்கே அடிக்கிறியா?" என்று முதல் வளைவில் ஆரம்பித்தார். பதினெட்டாவது வளைவில் தீர்ப்பே சொல்லிவிட்டார். "இன்னொரு நாள் ஆறு மணிக்குள்ள வீடு சேரல, அந்தக் கிளாஸும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அக்மல் நிரலைத் தலைகீழாகப் புரட்டினான். ஒரு பிழையும் அகப்படவில்லை.

"டிரைவர்கிட்டக் கேட்டீங்களா?" என்றார் டீச்சர்.

"நாந்தான் அரைமணி நேரம் சொன்னேனே மிஸ்!"

"சொன்னே. கேட்டியா?"

அக்மல் மறுபடியும் நிரலைப் புரட்டப் போனான். டீச்சரின் பார்வை தமிழ்மதி மேல் விழுந்தது. "தெனமும் அந்த பஸ்ல போறவ நீ. நீயே கேட்டுட்டு வா."

அன்று தமிழ்மதி முன்கூட்டியே போய் ஸ்டாப்பில் நின்று பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். ஓட்டும்போது பொன்னுத்துரை யாரோடும் பேச மாட்டார். ஆறாவது வளைவில் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்துவார். அங்கேதான் கேட்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு வளைவிலும் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள்.

பஸ் நின்றது. இறங்கிப் போய், "அண்ணே" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

"அண்ணே!"

இந்தத் தடவை பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஏத்தா, நீ பேசுவியா?" பொன்னுத்துரை தண்ணீர் கேனைக் கீழே வைத்தார்.

"பட்டன அமுக்குறீகளாண்ணே?"

"அமுக்காம? ஒங்க ஸ்டாப்ல இருந்து கிளம்புறப்ப ஒழுங்கா 'வாரேன்'னு சொல்லிட்டுத்தான கிளம்புறேன்."

"கிளம்புறப்ப 'போறேன்'ல அமுக்கணும்?"

பஸ் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. பொன்னுத்துரை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பதினெட்டு வளைவு ஏறுறவன் எவனாச்சும் தன் வாயால 'போறேன்'பானா? பின்னாடி நாப்பது உசுரு உக்காந்திருக்கு தாயி!"

போனை எடுத்துக் காட்டினார். சிவப்புப் பட்டன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கை தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாதாம்.

"இதையா பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்காக?" என்று ஜன்னலோரம் இருந்த மிளகுக்காரி காளியம்மாள் நொடித்தாள்.

தமிழ்மதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவளே தினமும் காலையில் "வாரேம்மா" என்றுதான் வாசல் தாண்டுகிறாள். 'போறேன்' என்று ஒரு நாள் சொன்னதற்கு அம்மா கரண்டியைத் தூக்கியிருக்கிறாள். தெரிந்திருந்தும் இப்படியா எழுதுவாள் ஒருத்தி? வெட்கத்துக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

"தப்புதாண்ணே" என்றாள். "அப்ப என்னன்னு எழுதட்டும்?"

கேட்டிருக்கக் கூடாது. நாற்பது உயிருக்கும் நாற்பது யோசனை இருந்தது. 'வந்தாச்சு' என்றார்கள், 'கிளம்பியாச்சு' என்றார்கள், முருகன் படம் போடச் சொன்னார் ஒருவர். சிவப்பே ஆகாது, மங்களமாக மஞ்சள் வை என்றாள் காளியம்மாள். தமிழ்மதி படியில் ஏறி நின்றாள்.

"செத்த சும்மா இருங்க! ஒவ்வொருத்தராச் சொல்லுங்க!"

சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். கூட்டம் அடங்கி ஒவ்வொருவராகச் சொன்னது. அவள் மடக்கி மடக்கிக் கேட்டு நோட்டில் குறித்தாள். கடைசியில் பச்சைக்கு 'பாலம் வந்துட்டேன்', மஞ்சளுக்கு 'போயிட்டு வாரேன்' என்று முடிவாகி, பொன்னுத்துரை அதற்குத் தலையாட்டாமல் வாயைத் திறந்து "சரி" என்றபோது, யாரோ மணி கேட்டார்கள்.

ஐந்து ஐம்பது. இன்னும் பன்னிரண்டு வளைவு பாக்கி.

ஊர் ஸ்டாப்பில் கண்ணுசாமி மொபெட்டைக் கிளப்பி, அவளைத் தேடி மலை இறங்கத் தயாராக நின்றார். மணி ஆறரை.

"நான் என்ன சொன்னேன் ஒனக்கு?"

பஸ் ஜன்னல்களிலிருந்து நாற்பது வாயும் ஒரே சமயத்தில் சாட்சி சொல்லக் கிளம்பின. தமிழ்மதி கையைத் தூக்கினாள், வருகைப் பதிவுக்குத் தூக்குகிற மாதிரியே. பஸ் அமைதியானது.

"நானே சொல்றேன்" என்றாள்.

பாலத்திலிருந்து பிளாஸ்திரி வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாள். கண்ணுசாமி மொபெட்டை அணைத்துவிட்டார். மகள் பிறந்த நாளிலிருந்து இம்புட்டுப் பேச்சை மொத்தமாக அவர் கேட்டதில்லை.

"தப்பு என்னுதுதான். நான்தான் திருத்தணும். அதனால நாளைக்கும் அந்தக் கிளாஸுக்குப் போறேன்ப்பா."

"ஏய்!" கண்ணுசாமி பதறிப்போனார். "வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன வார்த்தை அது? போயிட்டு வாரேன்னு சொல்லு!"

"போயிட்டு வாரேன்ப்பா."

பஸ் மொத்தமும் சிரித்தது. தான் எதற்குச் சம்மதம் கொடுத்தோம் என்பது கண்ணுசாமிக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் பொன்னுத்துரை "வாரேன்" என்று சொல்லி பஸ்ஸை எடுத்துவிட்டார்.