ஒட்டிப் பேசியவள்

பல்கலைக்கழக வளாகத்தை நடுவில் பிளந்துகொண்டு போகும் தெருவை வண்டிகளுக்கு மூடலாமா வேண்டாமா என்று ஊரே வாய் வலிக்கப் பேசிக்கொண்டிருந்த நேரம். மாலை வகுப்பில் பேச்சுப் பயிற்சி நடத்தும் ஆசிரியரும் அதையே தலைப்பாகக் கொடுத்தார். 'தெருவை மூடுவதே நல்லது.' இடப்பக்க வரிசை ஒட்டிப் பேச வேண்டும், வலப்பக்க வரிசை வெட்டிப் பேச வேண்டும். அவள் வழக்கம்போல இடப்பக்கம் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பா அந்தத் தெரு வழியாகத்தான் மினிபஸ் ஓட்டுகிறார்.

"சார், நான் அந்தப் பக்கம் மாறிக்கட்டுமா?"

"ஏம்மா, நம்புறதைப் பேசுறதுக்கு வகுப்பு எதுக்கு? நம்பாததைப் பேசிப் பழகு. அதுக்குப் பேர்தான் பயிற்சி."

ஏன் மாற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பகலில் அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதிக்க வருகிறவர்களின் முகத்தில் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பாள். பாதிப் பேர் "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு" என்பார்கள். அவளுக்கு அவர்கள்மேல் கோபமே வராது. தன்னை யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வோம் என்று நினைத்துக்கொள்வாள். எந்தக் காரியத்தையும் முறையாகச் செய்வாள். செய்து முடித்தபின் சரியாகத்தான் செய்தோமா என்று ஒருமுறை மனசைப் போட்டுக் குடைந்துகொள்வாள்.

விஷயத்தை வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள். "வெட்டிப் பேச்சு பேச வகுப்பாம், அதுக்கு ராத்திரிவரைக்கும் பஸ்ஸுக்கு நிக்கிறாளாம்."

"வெட்டி இல்லம்மா, நான் ஒட்டி. தெருவை மூடணும்னு பேசணும்."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவை மூடினால் மினிபஸ் பாலம் சுற்றித்தான் போக வேண்டும். சுற்றிப் போகும் பஸ்ஸில் யார் ஏறுவார்? வழி மாறினால் வண்டியையே விற்றுவிடுவேன் என்று முதலாளி வாய்விட்டே சொல்லியிருந்தார். இந்த வயதில் இன்னொரு முதலாளியைத் தேடி அலைய வேண்டும். ஆனாலும் அப்பா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பேசு வக்கீலம்மா. அப்பன் வயித்துல அடிச்சுத்தான் பேசிப் பழகணும்னு இருந்தா நல்லாவே அடி. சரி, என்ன சொல்லப்போறே?"

அவள் எழுதிவைத்ததைப் படித்தாள். புகை, இரைச்சல், பாதசாரிகளின் பாதுகாப்பு.

"தூங்கிடுவாங்க." அப்பா தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "நான் சொல்றேன் கேளு. ஊரெல்லாம் ஹாரனை அழுத்திக்கிட்டுப் போறவன் நான், அந்தத் தெருவுல மட்டும் அடிக்கவே மாட்டேன். அடிச்சா ஓடுவாங்கன்னுதானே நினைக்கிறே? ஓட மாட்டாங்க, மிரண்டுபோய் நடுரோட்லயே நின்னுடுவாங்க. காதுல பாட்டு, கையில போனு, கண்ணு எங்கேயோ. உள்ள நுழைஞ்சதுமே என் கால் தன்னால பிரேக்குக்குப் போயிடும். நடுங்கும் தெரியுமா? அந்தக் கோடி தாண்டுறவரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் போறேன்."

அம்மாகூடச் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இதை மட்டும் சொல்லிடாதே" என்றார் அப்பா, விளையாட்டாக. "ஜெயிச்சிடுவே."

அவள் சொல்லிவிட்டாள். பேச்சு பாதி போனபோது வகுப்பு கொட்டாவி விட்டது. கடைசி வரிசையில் ஒருவன் நிஜமாகவே தூங்கினான். நாலு சுவருக்குள்தானே என்று நினைத்தாள். அப்புறம் வாய் தானாகவே போயிற்று. தன் குரல் அத்தனை திடமாக வெளியே வரும் என்று அவளுக்கே தெரியாது. பேசி முடித்ததும் தூங்கினவன்கூட எழுந்து கைதட்டினான். மதிப்பெண் போடுவதற்காக எல்லாருடைய பேச்சையும் போனில் படம்பிடித்துவைக்கும் ஆசிரியர், அவள் பேச்சை இரண்டாம் தடவை ஓட்டிப் பார்த்தார்.

அதற்கடுத்த வாரம் அப்பா முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். தெருவைப் பற்றி நகரசபை பொதுக்கூட்டம் போடப்போகிறதாம். ஓட்டுநர்கள் தரப்பில் பேச ஆள் வேண்டுமாம். "உங்க பொண்ணு பேச்சு வகுப்புக்குப் போகுதுல்லண்ணே, அந்தப் பொண்ணையே பேசச் சொல்லுங்கன்னு எல்லாரும் ஒரே பிடி. நானும் சரின்னுட்டேன்."

இந்தத் தடவை நம்புவதைப் பேசலாம். அவள் வகுப்புப் பேச்சுக்கு உழைத்ததைப்போல இரண்டு மடங்கு உழைத்தாள். மாலை வகுப்புக்கு வருகிறவர்கள், வளாகத்துக்கு அப்பால் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மூட்டையோடு ஏறும் காய்கறிக்காரிகள் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினாள். அம்மா முன்னால் நின்று பேசிக் காட்டினாள். "கொஞ்சம் சத்தமா பேசுடி, தெருவை மூடுறதுக்குப் பேசினப்போ பக்கத்து வீட்டுக்கே கேட்டுச்சு" என்றாள் அம்மா.

கூட்டத்தில் முதலில் பல்கலைக்கழகத் தரப்பு. எழுந்தவரை அவளுக்குத் தெரியும். அவளுடைய ஆசிரியர். அவர் அதிகம் பேசவில்லை. "எங்க மாணவி ஒருத்தி பேசினதையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார்.

திரையில் அவள் வந்தாள். ஆள் உயரத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம்.

"என் அப்பா ஓர் ஓட்டுநர். அவர் அந்தத் தெருவில் மட்டும் ஹாரன் அடிப்பதில்லை. உள்ளே நுழைந்ததுமே அவர் கால் நடுங்குகிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் அதைத் தாண்டுகிறார். பயந்துபோன ஓட்டுநரையும் பயமே அறியாத பிள்ளைகளையும் ஒரே தெருவில் விட்டுவைப்பது என்ன நியாயம்?"

மண்டபம் கைதட்டியது. ஓட்டுநர்கள் வரிசையில் ஒரு கைகூட அசையவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த குட்டையான ஓட்டுநர் மட்டும் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படியே கேட்டார். "என்னண்ணே, உங்களுக்குக் கால் நடுங்குமாமே? சொல்லவே இல்லையே. முன்னாடியே தெரிஞ்சிருந்தா முட்டிக்குத் தைலம் வாங்கித் தந்திருப்பேன்ல?"

அப்பா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுநர்கள் தரப்பு என்று அழைத்தபோது அவள் எழுந்து போனாள். காகிதத்தைப் பிரித்தாள். "மாலை வகுப்புக்கு வர்றவங்க..." என்று தொடங்கினாள்.

நகரசபைத் தலைவி கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம்மா. இப்பத் திரையில பேசினது நீங்கதானே?"

"ஆமாங்க. ஆனா அது வகுப்புக்காக... எனக்கு அந்தப் பக்கம் கொடுத்தாங்க..."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. "சரி, உங்களுக்கு எந்தப் பக்கம் கொடுத்தாங்கன்னு நான் கேக்கலை. உங்க அப்பாவைப் பத்திச் சொன்னீங்களே, அது பொய்யா?"

பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அப்பாவின் காலும் உறுதியாகிவிடும், வேலையும் தங்கிவிடும். அவள் ஓட்டுநர்கள் வரிசையைப் பார்த்தாள். அப்பா நிமிர்ந்திருந்தார். அந்தப் பார்வை சொல் என்கிறதா, சொல்லாதே என்கிறதா என்று பிரித்தறிய அவளால் முடியவில்லை. இரண்டும் ஒன்று மாதிரிதான் இருந்தது.

"பொய் இல்லைங்க."

"நன்றி. உட்காருங்க."

அதன்பின் உறுப்பினர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து தெரு மூடல்.

வாசலில் ஆசிரியர் பிடித்துக்கொண்டார். "பல்கலைக்கழகத்துக்கே பெருமை சேர்த்துட்டேம்மா. வகுப்புல உனக்குத்தான் முதல் இடம்." பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையோடு சொன்னார். "அந்த ரெண்டாவது பேச்சுலதான் சொதப்பிட்டே. தயாரிப்பு பத்தலை, இல்ல?"

"ஆமா சார்" என்றாள்.

கடைசி நடையும் முடிந்து, நிறுத்தும் இடத்துக்கு அப்பா ஓட்டிப்போன மினிபஸ்ஸில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. அவள் முன்னிருக்கையில், காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்; எதற்கென்று கேட்பது? பொய் சொல்லாததற்கா, உண்மையைச் சொன்னதற்கா?

வண்டி வளாகத் தெருவுக்குள் திரும்பியது.

"ஜெயிச்சிட்டே வக்கீலம்மா" என்றார் அப்பா. திரும்பிப் பார்க்கவில்லை. சிரிக்கவுமில்லை.

நூலகத்துக்கு எதிரே பிள்ளைகள் கூட்டமாகத் தெருவைக் கடந்துகொண்டிருந்தார்கள். அப்பா ஹாரனை அழுத்தினார். இத்தனை வருஷமாக அங்கே அடிக்காததையெல்லாம் சேர்த்து அடிப்பவர்போல அழுத்தினார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. ஒருவரும் ஓடவில்லை. மிரண்டு, நடுத்தெருவிலேயே, விளக்கு வெளிச்சத்தில் அப்படி அப்படியே நின்றுவிட்டார்கள்.

வண்டி அவர்களுக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது. பிரேக்கின்மேல் அப்பாவின் கால் நடுங்குவதை அவள் பார்த்தாள். கை மட்டும் ஹாரனிலிருந்து எழவில்லை.