கூரையில் மாட்டிய மாப்பிள்ளை

இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே வாடகைக்கு இருந்த மெர்சிக்கு, புருஷன் இளம்பரிதியின் பைத்தியங்களிலேயே பழைய படச்சுருள் சேர்க்கிற பைத்தியம்தான் துளியும் பிடிக்காது. யாரும் கேள்விப்படாத ஒரு ஊமைப்படத்தின் முதல் பாதியை எங்கோ காயலான் கடையில் பிடித்து, பட்டுத்துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தான். அவளுடைய கல்யாணப் புடவை கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனைப் போலவே சுருள் சேர்க்கும் நம்பிராஜன் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினார். ஜன்னலைப் போர்வையால் மூடிப் படத்தை ஓட்டினார்கள்.

ஒரு குண்டு மாப்பிள்ளை மாமனாருக்குப் பயந்து கூரைமேல் ஏறினான். வேட்டி ஓட்டில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் ஓடு சரிகிறது, விட்டால் மானம் போகிறது. மெர்சி வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஷ்ஷ்! கீறல் எங்க விழுந்துகீதுன்னு பாத்துகினு இருக்கோம்" என்றான் இளம்பரிதி.

சிரிப்புப் படத்துக்கு முன்னால் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கும்போது சுருள் முடிந்துவிட்டது.

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"மீதி என்ட்ட இருக்கு" என்றார் நம்பிராஜன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப ரெண்டையும் சேத்து ஓட்டுங்களேன்."

"சேத்துட்டா அது வெறும் படம்லாம்மா. இப்போ உலகத்துலயே இந்தப் பாதி இவர்ட்ட மட்டும், அந்தப் பாதி என்ட்ட மட்டும்லா இருக்கு!"

"சரிண்ணா, கதையாச்சும் சொல்லுங்க. எறங்கினானா இல்லியா?"

"சொல்லிட்டா மதிப்பு போயிருமே."

இளம்பரிதி பக்தியோடு தலையாட்டினான். மெர்சி அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். "பாலு திரிஞ்சி போச்சு" என்று நல்ல பாலைப் பார்த்தபடியே குரல் கொடுத்தாள். விருந்தாளி காபி குடிக்காமலே பஸ் ஏறினார்.

மறுநாள் கம்பெனி கேன்டீனில், கார் பூட்டும் லைனில் அவளுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் முத்துச்செல்வியிடம் கதையைச் சொன்னாள்.

"பொறவு எறங்குனானாடி?"

"வேட்டிய மாமனார் தலைமேல போட்டுட்டு, ஓட்டோட சறுக்கி, மாமியா மாவாட்டினு இருந்த உரல்ல போயி குந்திட்டான்."

முத்துச்செல்விக்கு சாம்பார் மூக்கில் ஏறியது. பக்கத்து மேசைப் பெண்கள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள்.

சாயங்காலம் புருஷனிடமும் சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"உன்கிட்ட மட்டும் சொன்னாரா அந்தாளு?"

"நானாதான் கட்டிவுட்டு சொல்றேன்."

"அப்ப ஆதாரம் இல்ல" என்றான் நிம்மதியாக.

சிரிக்கத் தெரியாத ஆளுக்கு எதற்குச் சிரிப்புப் படம் என்று கேட்க வாயெடுத்தவள், அதுவும் வீண் என்று குளிக்கப் போய்விட்டாள்.