கசொண்டேவுக்கு மட்டும் மலேரியா

காய்ச்சல் என்று ஒருவன் வாயெடுத்தால் போதும், மலேரியா என்று ஊரே வழிமொழியும். தலை வலித்தால் மலேரியா. கால் தள்ளாடினால் மலேரியா. சோளக்கொல்லைக்குப் போக மனமில்லாவிட்டால் அதுவும் மலேரியா. இந்த வழக்கத்தின் மீதுதான் டாக்டர் கசொண்டே போர் தொடுத்திருந்தார்.

புதிய ஃப்ளூ உலகைச் சுற்றிய 2009ஆம் ஆண்டு அது. தலைநகர் லுசாக்காவிலிருந்து பேருந்தேறி, சிப்பாட்டா நகருக்கு அப்பாலிருந்த அவருடைய ஆஸ்பத்திரிக்கும் அந்த நோய் வந்து சேர்ந்தது. வந்த விருந்தாளியை முதலில் அடையாளம் கண்டவர் கசொண்டேதான். இரத்தத்தில் மலேரியா இல்லை, ஆனால் காய்ச்சலும் இருமலும் தொண்டை வலியும் உண்டென்றால் ஃப்ளூ என்றே கொள்ளுங்கள் என்று ஆணையிட்டார். வார்டின் நடுவே திரை கட்டி, இருமுகிறவர்களைச் சன்னலோரம் ஒதுக்கினார். மூச்சுத் திணறுகிறவர்களுக்கும் கருவுற்றவர்களுக்கும், லுசாக்காவிலிருந்து சோதனை முடிவு வரும்வரை காத்திராமல் மாத்திரை கொடுக்கச் செய்தார். நோயாளிக்குத் துணையாய் வந்து கட்டிலடியில் படுத்து, ஒரே தட்டில் ன்ஷிமாச் சோளக்களி பிசைந்து உண்ட உறவுக் கூட்டத்தை வெளியே அனுப்பினார். கைகுலுக்கலுக்குத் தடை, உள்ளங்கை குவித்துத் தட்டும் வணக்கத்துக்கு மட்டுமே அனுமதி. ஊர் முணுமுணுத்தது. ஆனால் சன்னலோரத்தார் ஒவ்வொருவராய் எழுந்து வீட்டுக்கு நடந்தார்கள். வேறென்ன சான்று வேண்டும்?

அத்தகைய டாக்டர், ஒரு திங்கட்கிழமை காலை, சிவந்த கண்களும் நடுங்கும் தோள்களுமாக வார்டுக்குள் நுழைந்தார். எலும்பெல்லாம் உலக்கையால் இடித்தது போலிருந்தது. அதைப் பற்றி அவர் வீட்டிலேயே விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டார். சனிக்கிழமை இரவு கொசுவலை கட்டாமல் உறங்கினோம், ஆகவே மலேரியா.

வார்டு சிஸ்டர் தலிதா ஜெரே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் ங்கோனி, அவர் பெம்பா. என்றோ போரிட்டுக்கொண்ட இரு குலங்களும் இன்று கேலி முறை கொண்டாடுகிறவை. எதை வேண்டுமானாலும் சொல்லலாம், கோபித்துக்கொள்கிறவர்தான் குற்றவாளி. பெம்பா குரங்கு தின்னி, ங்கோனி எலி தின்னி என்பது அதில் பால பாடம். அவர் பணியேற்ற நாளிலிருந்து அவள் ஒரு முறையேனும் அவரை மரியாதையாக அழைத்ததில்லை.

"என்ன மச்சான், கண்ணு ரெண்டும் பழுத்த தக்காளியாட்டம் இருக்கு? ராத்திரியெல்லாம் எந்த மரத்துல குரங்கு தேடுன?"

"எலி வளை தோண்டித் திங்கிறவளுக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? எனக்கு மலேரியா" என்றார் கசொண்டே. சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து இடைமறித்தது.

அவள் விடவில்லை. அவருடைய விரல் நுனியைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதனைப் பட்டையில் இட்டாள். சற்றுப் பொறுத்து அதைத் தூக்கிக் காட்டினாள்.

"ஒத்தக் கோடு. மலேரியா இல்ல. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் ஒண்ணு காலியா கெடக்கு. போய்ப் படு மச்சான்."

வார்டு சிரித்தது. சன்னலோரத்தார்கூட இருமலுக்கிடையே சிரித்தார்கள். இந்த வாரத்தின் சிறந்த கேலி இதுவே என்று கசொண்டேவும் மனத்துக்குள் மதிப்பெண் வழங்கினார். பெம்பா இரத்தத்தைக் கண்டதும் ங்கோனிப் பட்டைக்கு நடுக்கம், அதனால்தான் மறு கோடு வெளியே வரவில்லை என்று அவர் திருப்பியடித்ததில் வார்டு மறுபடி சிரித்தது. சிரிப்பைத் தெளிவாக வாங்கிக்கொள்வதற்காக அவர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கியிருந்தார்.

அப்படியே எஸ்நாட் தெம்போவின் கட்டிலை நோக்கி நடந்தார். அவள் ஏழாம் மாதக் கர்ப்பிணி. பிரசவ வார்டில் இடமில்லாததால், இரத்த அழுத்தத்துக்காக இங்கே வைக்கப்பட்டிருந்தாள். கருவுற்றவளை இந்த ஃப்ளூ பிடித்தால் நுரையீரலைக் கவ்விக்கொள்ளும் என்று அந்த வார்டுக்கே எடுத்துச் சொன்னவர், அவள் நெஞ்சில் வைக்க ஸ்டெதாஸ்கோப் குழாயைக் கையில் எடுத்தார்.

தலிதா குறுக்கே வந்து நின்றாள். பெரியவர்கள் முன் நிற்பதுபோல முழங்காலை மடித்து, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டினாள்.

"டாக்டர் ஐயா, தயவு செஞ்சு அந்தம்மா கிட்ட போகாதீங்க. உங்களுக்குக் காய்ச்சல் இருக்கு, இருமல் இருக்கு, ரத்தத்துல மலேரியா இல்ல. நீங்க சொல்லிக் குடுத்ததுதான் ஐயா."

யாரும் சிரிக்கவில்லை.

கசொண்டே வாக்கியத்தின் வாலுக்காகக் காத்திருந்தார். குரங்கு வரும், மரம் வரும் என்று நம்பினார். எதுவும் வரவில்லை. ஒரு பெம்பாவின் சாவு வீட்டில்கூட, சவப்பெட்டியைத் தட்டி, எழுந்திருடா சோம்பேறி என்று கேலி பேசும் உரிமை ங்கோனிக்கு உண்டு. பிணத்தையே கேலி செய்யும் உரிமையுள்ளவள், உயிரோடு நிற்கிறவனிடம் கேலியை நிறுத்திவிட்டாளே!

முகக்கவசம் தாடையிலிருந்து மூக்குக்கு ஏறியது. குழாய் இறங்கியது. எஸ்நாட்டிடமிருந்து அவர் பின்வாங்கினார். அவளைப் பார்க்கப் பிரசவ வார்டு டாக்டரை அழைக்கச் சொன்னார். பிறகு தாமே கட்டிய திரையைத் தாமே விலக்கிக்கொண்டு, சன்னலோரத்துக் காலிக் கட்டிலில் போய்ப் படுத்தார். பக்கத்துக் கட்டில்காரர் உள்ளங்கை தட்டி முறைப்படி வரவேற்றார்.

அன்றிலிருந்து தலிதா எஸ்நாட்டுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கசொண்டேவையும் பார்த்தாள். ஃப்ளூ மாத்திரை கேட்டார். மூச்சுத் திணறாத, கருவுறாத, திடமான ஆட்களுக்கு அது கிடையாது, இருப்பு கொஞ்சம், தண்ணீர் குடித்து ஓய்வெடுக்க வேண்டியது என்று அவருடைய ஆணையையே அவருக்கு ஒப்பித்தாள். அவ்வளவையும் மரியாதையாகச் சொன்னாள். அதுதான் அவரை வாட்டியது. ஒவ்வொரு 'ஐயா'வுக்கும் அவர் தம் நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஐயா?" என்று ஒருநாள் தாளாமல் கேட்டார்.

"காய்ச்சல் விடட்டும் ஐயா."

வார இறுதியில் எஸ்நாட், காய்ச்சலோ இருமலோ இன்றி, இரத்த அழுத்தமும் தணிந்து, சித்தெங்கேத் துணியை வயிற்றுக்கு மேல் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள். திரைக்கு இப்பாலிருந்தே கைதட்டி விடைபெற்றாள். கசொண்டே அப்பாலிருந்து தட்டினார்.

மறுநாள் காலை தலிதா வெப்பமானியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முந்தின நாளும் அது இறங்கித்தான் இருந்தது, ஆனால் ஒரு முழு நாள் காய்ச்சலின்றிக் கழிந்தால்தான் திரையைத் தாண்டலாம். அவர் அவள் வாயையே பார்த்தார்.

"எந்திரி, குரங்கு தின்னி. கட்டிலுக்கு ஆள் காத்திருக்காங்க."

டாக்டர் கசொண்டே எழுந்து உட்கார்ந்தார். பல நாள்களுக்குப் பிறகு அன்று அவருக்குப் பசித்தது.