இடது பக்கத்தில் யாரும் இல்லாத கதை

1

இந்தக் கதை என் காரின் இடது பக்கத்தில் விழுந்த ஒரு கீறலிலிருந்து பிறந்தது. ஒரு கீறல் என்று எழுதிவிட்டேன். மூன்று. ஆரம்பமே இந்த லட்சணம் என்றால் மேற்கொண்டு என்னை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். இருபத்திரண்டு வருடமாக. திரையை இழுத்துவிட்ட சின்ன அறை, எதிர்ச் சுவரில் வெளிச்சம் போட்ட எழுத்து அட்டை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் சாயங்காலம்தான். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, தூக்கத்தில் பேசுகிறவர்களைப் போல எழுத்துகளைச் சொல்வார்கள். ஆள் வராத நேரத்தில் அதே அறையில் கதை எழுதுவேன்.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அன்று மழை. சுவர் இருப்பதே அவருக்குத் தெரியாத அளவுக்கு... (மழை நிஜம். ஆனால் தூறல்.)

எவனோ பைக்கை அப்படிக் குறுக்கே நிறுத்தியிருந்தால் யார்தான்... (கோபம் வந்து விட்டுவிட்டேன்.)

பள்ளிக்கூட வாசலில் தூண் வைத்தவனுக்கு மூளை என்று ஒன்று... (இதையும்தான்.)

கதாநாயகர் ஒரு கண் பரிசோதகர். அவரை 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். மரியாதைக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் அவர் காரை மூன்று தடவை இடித்தார். மூன்றாவது தடவை இடது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கியது. அந்தப் பக்கம் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்த பத்து வயது மகள், "தூண் வருது தூண் வருதுன்னு கத்தினேனேப்பா!" என்றாள்.

"தூணைக் கட்டினவனைச் சொல்லணும்" என்றார் அவர்.

3

கதைக்கு நடுவே ஒரு தொழில் ரகசியம். கண் பரிசோதனையில் ஆட்கள் கூசாமல் ஏமாற்றுவார்கள். பொத்திய கையின் விரல் இடுக்கு வழியாக நல்ல கண்ணால் எட்டிப் பார்ப்பார்கள். கூட வந்தவர்கள் பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுப்பார்கள். எழுத்து புரியாவிட்டால் குத்துமதிப்பாக ஒன்றை அடித்துவிடுவார்கள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, இது என்ன பரீட்சையா?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது கேட்கிறேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர்கள் படுகிற பாடு இருக்கிறதே, அப்பப்பா.

தூணில் இடித்த மறுநாள் நம் அவரும் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து வலது கண்ணைப் பொத்தி, இடது கண்ணால் கடைசி வரி வரை கடகடவென்று சொன்னார். ஒரு தப்பு இல்லை. நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

இருபத்திரண்டு வருடமாக அதே அட்டை. விளக்கை அணைத்திருந்தாலும் சொல்லியிருப்பார்.

(மேலே உள்ள வரியை மூன்று தடவை அடித்துவிட்டு மூன்று தடவை திரும்ப எழுதினேன்.)

4

என் மனைவிக்குத் துணி ஆலையில் வேலை. விளக்கு எரியும் மேஜை மேல் துணி நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், அதில் குறை கண்டுபிடிக்க வேண்டும். அவளிடம் கதையைக் கொடுத்தது என் தப்பு.

"ஏங்க, உங்க கதையில இடது பக்கம்னு ஒண்ணு கிடையாதா?"

"என்ன உளர்ற?"

"இந்த ஆறு மாசத்துல அஞ்சு கதை எழுதியிருக்கீங்க. வர்ற ஆளு, நிக்கற நாயி, திறந்த ஜன்னல், எல்லாமே வலது பக்கம். இடிக்கறது மட்டும் இடது பக்கம்."

"அது ஒரு உத்தி."

"உத்தியாவது கத்தியாவது! துணியில ஒரே இடைவெளியில திரும்பத் திரும்ப குறை வந்தா நாங்க நூலைத் திட்டிக்கிட்டு நிக்க மாட்டோம். மெஷினை நிறுத்திப் பார்ப்போம். நீங்க மழை, பைக், தூண்னு மூணு நூலைத் திட்டியாச்சு."

"இது அவரைப் பத்தின கதைம்மா."

"ஓ, அவரா? சரி, அந்த அவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. அவரு பொண்ணு ரெண்டு வாரமா கார்ல வலது பக்கம் மாறி உக்கார்றா. ஏண்டின்னு கேட்டேன். 'அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, பாவம், வருத்தப்படுவாரு'ங்கறா."

நான் பேனாவை மூடினேன். மகள் கண்டுபிடித்துவிட்டு, தனக்கு ஓர் இடமும் பார்த்துக்கொண்டு, என்னிடம் மூச்சு விடாமல் தினமும் என்னோடு வந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அழுதேன்.

5

இனிமேல் 'அவர்' கிடையாது. நான்தான்.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மருத்துவர் சிரித்துக்கொண்டே, சின்ன விஷயம்தான், சொட்டு மருந்து போதும் என்கிறார். அது ஆசைப்பட்டு எழுதியது. இன்னொன்றில் நாலாவது தடவை. அதில் கார் திரும்புகிறது, பின் இருக்கையில் அவள்... இல்லை, அதை எழுத மாட்டேன்.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். சனிக்கிழமை மத்தியானம் மனைவியும் மகளும் கடைக்கு வந்தார்கள். மகள் கையில் ஒரு சார்ட் அட்டை. கறுப்பு மையில், மேலே பெரிதாக, கீழே போகப் போகப் பொடியாக, எழுத்துகள்.

"உங்களுக்குத் தெரியாத வரிசைப்பா. அம்மாவுக்கே காட்டலை."

"இதுக்கப்புறம் வீட்டுக்கு யாரு வண்டி ஓட்டறதுன்னு பேசிக்கலாம்" என்றாள் மனைவி.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை அதில் உட்கார வைத்திருக்கிறேன், இவ்வளவு உயரமாக இருக்குமென்று யாரும் சொன்னதில்லை. மகள் அட்டையை எதிர்ச் சுவரில் பிடித்துக்கொண்டாள். வலது கண்ணைப் பொத்தினேன். விரல்கள் தாமாகவே கொஞ்சம் விலகின. நெருக்கிக்கொண்டேன்.

அறை முழுக்கப் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஆனது. அதற்குள் எங்கோ என் மகள் நின்றாள்.

முதல் வரியில் ஒரே எழுத்து. "ட."

"கரெக்ட். அடுத்த வரி?"

நான்கு கறுப்புத் திட்டுகள். முதலாவது 'ப'வாக இருக்கலாம், 'ம'வாகவும் இருக்கலாம். அவள் கையெழுத்து எனக்குப் பழக்கம், ஊகித்துவிட முடியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியலை" என்றேன்.

சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து இடது பக்கமாக நீட்டினேன். அங்கே யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு கை வாங்கிக்கொண்டது.

"மூணாவது வரிப்பா" என்கிறாள் மகள்.

கதை இந்த இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் என் பின்னால் நிற்கிறீர்கள், உங்களுக்கு அந்த வரி நன்றாகவே தெரியும். தயவுசெய்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.