நிரூபனுக்குப் போட்ட மாலை

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மைக்கைப் பிடுங்கி வெற்றியின் மண்டையிலேயே போட்டிருப்பேன். நாகேஸ்வரி அக்கா முன்னால் அசிங்கம் வேண்டாமென்றுதான் விட்டேன்.

வெற்றி, கலாச்சாரப் பரிமாற்றம் என்று சொல்லி டிரஸ்ட் நடத்துகிறவன். போன வருஷம் எங்கள் ராயபுரம் கானா குழுவை முல்லைத்தீவுக்குக் கூட்டிப் போனான். சண்டையில் எல்லாம் போய், மறுபடி வீடு கட்டிக்கொண்டிருக்கிற ஊர். அங்கே எங்களைப் பாட வைத்தான், ஆட வைத்தான், போட்டோ எடுத்தான். யாரோடாவது உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச விட்டானா? வேனில் ஏறு, வேனில் ஏறு என்று விரட்டிக்கொண்டே இருந்தான். அந்த ஊர் நாகேஸ்வரி அக்காதான் அவனை மதிக்காமல், வேன் ஜன்னல் வழியாகவே எங்களுக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தார்.

இந்த வருஷம் அக்காவும் அவர் ஊர்ப் பெண்களும் எங்கள் பக்கம் வந்தார்கள். வருவதற்கு முன்பு வெற்றி ஒரு போட்டோ அனுப்பினான்.

"நாகேஸ்வரி அம்மாவோட ஒரே பையன் நிரூபன். கடைசிச் சண்டையில இறந்துட்டாரு, ஜானட். உங்க மரண கானா ஒண்ணு பாடுங்க. உருக்கமா இருக்கணும்."

எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் முதலில் ஃபிளெக்ஸ் அடிப்போம். படத்துக்கு மாலை போட்டு, எதிரே உட்கார்ந்து, செத்தவர் பேரைச் சொல்லி விடிய விடியப் பாடுவோம். அதைவிடப் பெரிய மரியாதை எங்களுக்குத் தெரியாது. என் தம்பி இக்னேஷியஸ் ஓடிப்போய், 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு ஆளுயர ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தான். ரோஜா மாலையை நானே வாங்கிப் போட்டேன்.

அக்கா மண்டபத்துக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். ஃபிளெக்ஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஆர் இதைச் செய்தது?"

"நாங்கதான்க்கா. உன் புள்ளைக்கு..."

"என்ர பிள்ளை செத்தவன் எண்டு ஆர் உனக்குச் சொன்னது? விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு சொல்லி, என்ர கண்ணுக்கு முன்னால ஆமிக்காரர் கொண்டு போனவங்கள். மரணப் பத்திரம் தாறம், கையெழுத்து வை எண்டு எத்தினை பேர் வந்து நிண்டவங்கள்! நான் வைக்கேல்லை. அவங்களாலேயே ஏலாததை நீங்கள் ஒரு மாலை போட்டு முடிச்சுப்போட்டியள்."

வெற்றியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன்.

"யோவ், செத்துட்டாருன்னு சொன்னியே, இன்னாயா இது?"

"இத்தனை வருஷமா ஆளே காணோம்னா வேற என்னம்மா அர்த்தம்? வெளிநாட்டு கெஸ்ட் வந்துட்டிருக்காங்க. அந்தம்மா அழுதா அழட்டும், வீடியோவுக்கு நல்லாத்தான் இருக்கும். நீங்க ஆரம்பிங்க."

"த்தூ! பெத்தவ வவுறு எரிஞ்சிகினு நிக்கிறா, உனுக்கு வீடியோ கேக்குதா? தெரிஞ்சிகினேதான சொன்ன, கய்தே?"

"பாடலைன்னா அடுத்த டூர் உங்களுக்குக் கிடையாது."

"உன் டூரை நீயே வச்சிக்கோ, போ!"

திரும்பி வந்து மாலையைக் கழற்றி எறிந்தேன். இக்னேஷியஸ் ஃபிளெக்ஸைக் கிழிக்கப் போனான்.

"கிழியாதை! அது என்ர பிள்ளையின்ர முகம்" என்று அக்கா கத்தினார்.

அவன் பிளேடை எடுத்து 'கண்ணீர் அஞ்சலி'யை மட்டும் அறுத்து எடுத்தான். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தப்பு பண்ணிட்டோம்க்கா. நாலு அறை வேணா அறைஞ்சிடு."

அக்கா என்னை முறைத்தார்.

"செத்தவைக்கு விடிய விடியப் பாடுறியள். உயிரோட இருக்கிறவனுக்கு உங்களிட்ட ஒரு பாட்டும் இல்லையோ?"

"கீதுக்கா. பொறந்தநாளுக்குப் பாடுவோம். புள்ளைக்கு இப்ப இன்னா வயசு?"

"முப்பத்தஞ்சு" என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

இக்னேஷியஸ் டோலக்கை மடியில் இழுத்துப்போட்டு அடித்தான். நம்ம நிரூபனுக்குப் பொறந்தநாளு என்று எடுத்தேன். வெளிநாட்டு விருந்தாளிகள் வாசலில் வந்து நிற்க, வெற்றி பாய்ந்து போய் மைக்கை அணைத்துவிட்டான். என் குரல் தடுமாறி நின்றது.

அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"ஏன் நிப்பாட்டினனீ? அவன்ர பேரைச் சத்தமாப் பாடு, பிள்ளை. கொண்டு போனவங்களுக்கும் கேக்கோணும்."