தாண்டவராயன் பெயரில் ஒரு சாவு

தன்னுடைய சாவுத் தந்தியைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிய மனிதர் காவாந்தண்டலத்தில் தாண்டவராயன் ஒருவர்தான். கல்ஃபில் சாரம் சரிந்து அவர் இறந்துவிட்டதாகத் தந்தி சொன்னது. உண்மையில் இறந்தவன் அவர் தம்பி சின்னராசு. விசா வந்தது அண்ணனுக்கு. பயணம் நெருங்கியதும் அவர் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கட்டிய பணம் வீணாகக் கூடாதென்று ஏஜெண்ட் அதே பாஸ்போர்ட்டில் தம்பியின் போட்டோவை ஒட்டி அனுப்பிவைத்தான். உடம்பு ஊர் வரவில்லை. அண்ணன் பெயரிலேயே அங்கே புதைத்துவிட்டார்கள்.

அந்த நாட்டில் சமூகக் காப்பீடு என்று ஒரு சட்டம். வெளிநாட்டுக் கூலியாளுக்கும் முதலாளி மாதாமாதம் சர்க்காருக்குக் கட்டவேண்டும். ஆள் வேலையில் செத்தால் பெண்டாட்டிக்குப் பென்ஷன். அதை மிச்சம் பிடிக்க, பாதி ஆட்களைக் கணக்கிலேயே காட்டாத முதலாளிகள் உண்டாம். சின்னராசுவின் முதலாளி யோக்கியன். ஒழுங்காகப் பதிந்திருந்தான்: தாண்டவராயன், மனைவி மலர்க்கொடி.

சின்னராசுவின் மனைவி பாஞ்சாலிக்கு இரண்டு பெண் குழந்தைகள், நிலம் கிடையாது. உண்மையைச் சொன்னால் பென்ஷனும் போகும், மூத்தார் தாண்டவராயனும் ஜெயிலுக்குப் போவார். ஆகவே தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. பென்ஷன் விசாரணைக்கு வருகிற அன்று காலையிலேயே தாண்டவராயன் கரும்புத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். மலர்க்கொடி பொட்டை அழித்தாள். தாலியைக் கழற்ற மட்டும் கை வரவில்லை, புடவைக்குள் செருகிக்கொண்டாள். பிறகு, சர்க்கார் கணக்கில் சின்னராசு உயிரோடு இருப்பதால், ஒரு மஞ்சள் துண்டைக் கயிற்றில் முடிந்து, பதினாறாம் நாள் தாலி இறக்கிய பாஞ்சாலியின் கழுத்தில் போட்டு, நெற்றியில் குங்குமமும் வைத்தாள்.

"பணம் எம்பேர்ல வந்தாலும் உன்னுதுதாண்டி," என்றாள். பாஞ்சாலிக்கு நெற்றியில் குங்குமம் புதுப்புண் மாதிரி எரிந்தது.

ஆர்.ஐ. வேதாசலம் நாற்காலி போட்டபின்தான் பேசுவார். பேச ஆரம்பித்தால் சர்வதேசச் சட்டத்துக்குக் குறைந்து இறங்கமாட்டார். அந்நிய தேசத்துக் கருணையைப் பற்றிக் கொஞ்ச நேரம் முழங்கிவிட்டு, மோர் குடித்து, மலர்க்கொடியிடம் திரும்பினார்.

"கடைசியா இன்னாம்மா சொல்லிட்டுப் போனான் உன் புருஷன்?"

மலர்க்கொடி முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். அவள் புருஷன் கடைசியாகச் சொன்னது, மத்தியானம் சோறு எடுத்துவா என்பதுதான். அழவேண்டிய இடம், கண்ணீர் வரவில்லை. பக்கத்தில் நின்ற பாஞ்சாலியிடமிருந்துதான் அது வெடித்தது. வாயில் முந்தானையை அடைத்தும் அடங்கவில்லை.

"ஏம்மா, பொண்டாட்டியே சும்மா கீறா. மூத்தார் செத்ததுக்கு நீ ஏன் இவ்ளோ பேஜார் பண்ணிக்கினு கீற?" வேதாசலம் அவள் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பேனா நின்றது. "உன் புருஷன் எங்க?"

பாஞ்சாலி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

"கழனிக்குப் போயிக்கீறாரு சார்."

"எப்ப வருவான்?"

பாஞ்சாலி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் வந்துடுவாரு."

பேனா மறுபடி ஓடியது. ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதும், மலர்க்கொடி ஈரத் துணியோடு ஓடிவந்து அவள் நெற்றியைத் துடைக்கப் போனாள். பாஞ்சாலி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா. பொழுது சாயட்டும்."

வாசலில் போய் நின்றாள். கழனியிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வரப்பில் வந்துகொண்டிருந்தார்கள். எதிர்வெயிலில் யாருக்கும் முகம் தெரியவில்லை.