பட்டுத் துணி போர்த்திய பெட்டி

ஆயுத பூஜைக்காகக் கணினிகளைத் துடைத்துச் சந்தனம் வைத்தது பிள்ளைகள். பேட்டரிப் பெட்டிக்குப் பட்டுத் துணி போர்த்தி மாலை போட்டது சந்திரமதி.

பாலோ செம்பனைத் தோட்டத்தில் கோயிலை ஒட்டியிருந்த அந்த அறையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். பள்ளி விட்டதும் தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே வந்து கணினி கற்றார்கள். மடிக்கணினிகள் ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்டவை. பேட்டரிகள் ஜோகூர் பாரு நகரில் ஒரு டேட்டா சென்டரில் வேலை முடிந்து வெளியே வந்தவை. குப்பைக்குப் போகவிருந்த இவற்றைப் பத்து பாகாட் ஊரைச் சேர்ந்த மின்வேலைக்காரன் ஜீவன் வாங்கி வந்து, கூரையில் சோலார் தகடு பதித்து இணைத்துக் கொடுத்திருந்தான். ஒரு வருடமாக அந்த அறைக்கு மின்சாரக் கட்டணம் என்று எதுவும் இல்லை.

பெட்டியின் பக்கங்களில் காற்றுப் போக ஓட்டைகள் இருந்தன. அவற்றை மூடக்கூடாது என்று ஜீவன் சொன்னது அவளுக்கு மறந்துவிடவில்லை. ஒரு நாள்தானே, சாமி காரியம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் பூஜை. பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் மகள் லோஷினி பெட்டிக்கு மிக அருகில் இருந்தாள். சாம்பிராணிப் புகையில் எல்லோருக்கும் கண் எரிந்தது.

மடிக்கணினிகளில் வைத்த சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. பெட்டியின் முகப்பில் வைத்தது மட்டும் காய்ந்து வெடித்திருந்தது. சந்திரமதி அதையே பார்த்தாள். இன்று கணினிகளுக்கு ஓய்வு. மின்சாரத்தைச் செலவழிக்க ஆளில்லை. காலையிலிருந்து அடித்த வெயில் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் ஏறியிருக்கிறது.

மெல்ல நகர்ந்துபோய்த் துணிமேல் கை வைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

கோயில் தலைவர் அய்யாவு தட்டில் கற்பூரத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“தலைவரே, பெட்டி ரொம்ப சூடா இருக்கு. பிள்ளைங்கள வெளிய அனுப்பிடலாம்.”

“சாமி உக்காந்திருக்குல்ல, சூடாத்தான் இருக்கும்,” என்றார் அவர். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். “தீபாராதனை முடியட்டும் லா. பாதியில நிறுத்தக் கூடாதும்மா.”

அவள் முகம் சுருங்கிப் பின்வாங்கினாள். ஒன்றுமில்லாமல் போய்விட்டால் நாளைக்குத் தோட்டமே சிரிக்கும். இருந்தும் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போதுதான் அதைக் கண்டாள். சாம்பிராணிப் புகை மேலே போய்க்கொண்டிருந்தது. பட்டுத் துணியின் அடியிலிருந்து வேறொரு புகை, வெள்ளையாக, தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. லோஷினியின் பாவாடை ஓரத்தைத் தொட்டுவிட்டு மேலும் பரவியது. நகப்பூச்சு மாதிரி இனிப்பான ஒரு வாடை. பேட்டரி சூடேறிக் கக்கும் புகை தீப்பிடிக்கும் என்று ஜீவன் சொல்லியிருக்கிறான்.

அய்யாவு கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு பெட்டியின் முன்னால் குனிந்தார்.

இனிச் சொன்னால் கேட்க மாட்டார். ஓடிப்போய் எரியும் கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள்.

“அலமாக்! என்னம்மா பண்ற?” அய்யாவு தட்டை நழுவ விட்டார். “பூஜைத் தட்டுல போயி...”

“ஓடுங்க!” என்று கத்தினாள். “எல்லாரும் வெளிய ஓடுங்க! லோஷினி, பையை விடு, ஓடு!”

துணிக்குள் ஏதோ சீறியது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கியும் தள்ளியும் வாசலைத் தாண்டினார்கள். அறைக் கோடியில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க நேரமில்லை.

அவர்கள் சாலையை எட்டியபோது அறைக்குள் பளீரென்று வெளிச்சம் அடித்தது. சன்னல் கண்ணாடி சிதறியது.

அய்யாவு ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். சந்தேகம் தீராமல் மறுபடி எண்ணினார். எல்லோரும் இருந்தார்கள். அதன் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

“எவனோ வீசுன குப்பையக் கொண்டாந்து கோயில்ல வெச்சா இப்படித்தான்.”

“குப்பை இல்லங்க,” என்றாள் சந்திரமதி. “மூச்சு விட முடியாம அடைச்சது நான்தான்.”

அவர் கற்பூரம் சுட்டிருந்த அவள் கையைப் பார்த்தார். வாளியைத் தேடிப் போனார்.

ஜீவனைத் தொலைபேசியில் பிடித்து நடந்ததைச் சொன்னாள்.

“எல்லாரும் வெளிய இருக்காங்களாக்கா?”

“இருக்காங்க.”

“இன்னும் தள்ளிப் போங்க. தண்ணி ஊத்துறேன்னு யாரும் கிட்ட போக வேணாம், போம்பா வந்து பாத்துக்குவாங்க. ஒரு பேட்டரி வெடிச்சா பக்கத்துல உள்ளதும் சூடாகி வெடிக்கும். எப்பன்னு சொல்ல முடியாது.”

வாளியோடு கிளம்பியிருந்த அய்யாவுவை அவள் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். போம்பாவைக் கூப்பிட்டாயிற்று; தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. எல்லோரும் செம்பனை மரங்கள் வரை பின்னால் நடந்தார்கள். உள்ளே மறுபடியும் ஒரு வெடி. பிள்ளைகள் அலறி ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டார்கள்.

லோஷினி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கேட்டாள். “உள்ள இன்னும் எத்தன பேட்டரிம்மா இருக்கு?”

சந்திரமதிக்குத் தெரியும். மகளை இன்னும் இரண்டு மர வரிசை பின்னால் கூட்டிப்போனாள்.